பழைய தூண்டிற்கோலும் கல்கத்தா மூங்கிலும்

நம் சங்கத்தின் ஆண்டு மலரில் கோயில்களைப் பற்றியும் காப்பியங்களைப் பற்றியும் கற்றறிந்த பெரியோர்கள் எழுதுவது வழக்கம். நாமோ மெட்ரிகுலேஷனோடு படிப்புக்கு விடைகொடுத்துவிட்டு, பார்சல் அலுவலகத்தில் ரசீது எழுதிக் காலம் கழிக்கும் குமாஸ்தா. ஆகவே பெரும் பொருள்களைப் பெரியோர்க்கே விட்டுவிட்டு, ஒற்றைக் கையால் தூக்கிவிடக்கூடிய சிறு பொருள் ஒன்றின் சரித்திரத்தைச் சொல்ல முன்வந்திருக்கிறோம். அதன் எடை சுமார் 120 கிராம். அது ஒரு பழைய தூண்டிற்கோல்.

சென்ற கோடையில் கரக்பூர் கோல்பஜார் பக்கத்தில் ஒரு பழைய சாமான் கடையில் அது கிடந்தது. குடைக் கம்புகளோடும் திரைச்சீலைக் கழிகளோடும் சேர்த்து ஒரே கட்டாகக் கட்டிப் போட்டிருந்தார்கள். கோல்பஜாரில் கோல் கிடைத்தது என்று வீட்டார் இன்றளவும் பரிகாசம் செய்கிறார்கள். நம் கண்ணை ஈர்த்தது ஒரே ஒரு விஷயந்தான். மற்றக் கழிகள் எல்லாம் உருண்டையாக இருக்க, இது மட்டும் ஆறு பட்டைகளோடு இருந்தது. கையில் எடுத்து ஆட்டினால் நுனி வரையில் உயிருள்ளது போல் துடித்தது. 300 ரூபாய் கொடுத்து வாங்கி வந்தோம்.

இரண்டு துண்டுகள், பூணால் இணைத்தால் ஆறரை அடி நீளம். வார்னிஷ் கறுத்துச் செதில் செதிலாக உதிர்ந்திருந்தது. வளையங்களைக் கட்டிய பட்டு நூல் இற்றுப் போயிருந்தது. மூன்று வளையங்களைக் காணோம். தக்கைப் பிடியைப் பூச்சி அரித்திருந்தது. நுனியில் சுமார் மூன்று அங்குலம் ஒடிந்து போயிருந்தது. அடித்துண்டை வளைத்தால் உள்ளேயிருந்து சிறு முறுக்கொலி கேட்டது.

இதை என்ன செய்வது என்பதில் காலனியில் இரண்டு கட்சிகள் ஏற்பட்டன. கடைசல் பட்டறையில் வேலை செய்யும் நண்பர், “எல்லாவற்றையும் சுரண்டி எறியுங்கள்; நுனியைச் சமமாக வெட்டுங்கள்; நல்ல பெயிண்ட் ஒன்று அடியுங்கள்; புதுக் கோலாகிவிடும்” என்றார். பக்கத்து வீட்டு வங்காளிப் பெரியவரோ, “தாதா, இதைத் தொடவே தொடாதீர்கள், கண்ணாடிப் பெட்டியில் வையுங்கள்” என்றார். முதல் யோசனைப்படி நடந்தால் பழைமை போய்விடும்; இரண்டாவதன்படி நடந்தால் தூண்டிற்கோல் பிணமாகிவிடும். இவ்விரண்டுக்கும் நடுவே ஒரு வழி காண வேண்டுமானால், அக்கோல் எப்படித் தோன்றியது, எதற்காக இப்படிச் செய்யப்பட்டது என்று தெரிந்தாக வேண்டும். அவ்வாறு தெரிந்துகொண்டதையே இங்கே எழுதுகிறோம்.

மரக்கோல் காலம்

மூங்கிற்கழியின் நுனியில் கயிற்றைக் கட்டி மீன் பிடிப்பது நமக்குப் புதிதன்று. பெரும்பாணாற்றுப்படையிலேயே நெடிய மூங்கில் தூண்டிலால் மீன் பிடிப்போரைக் காண்கிறோம். வங்காளத்தாரோ விடுமுறை நாள் என்றால் ‘சிப்’பைத் தோளில் சார்த்திக்கொண்டு குளக்கரைக்குப் போய்விடுவார்கள். ஆனால் இவை யாவும் முழு மூங்கிற்கழிகள். காட்டில் எப்படி வளர்ந்ததோ, ஏறக்குறைய அப்படியே கைக்கு வந்தவை.

ஐரோப்பாக் கண்டத்தில் மூங்கில் இயற்கையாக விளைவதில்லை. ஆகவே அங்கே தூண்டிற்கோல் மரத்தால் ஆயிற்று. தூண்டிற்கலையைப் பற்றி ஐசக் வால்டன் எழுதிய புகழ்பெற்ற ஆங்கில நூல் 1653இல் வெளிவந்தது. அக்காலத்தில் பெரும்பாலோர் ரீல் இல்லாமல் கோலின் நுனியிலேயே கயிற்றைக் கட்டி மீன் பிடித்தார்கள். தூரத்திலுள்ள மீனை எட்ட வேண்டுமானால் கோல்தான் நீள வேண்டும். பிற்காலத்தில் கடல் கடந்த மரங்கள் வந்தன. வட அமெரிக்காவிலிருந்து ஹிக்கரி, மேற்கிந்தியத் தீவுகளிலிருந்து லான்ஸ்வுட், தென் அமெரிக்காவின் கயானாப் பகுதியிலிருந்து கிரீன்ஹார்ட் என்று ஒவ்வொன்றாகச் சோதித்தார்கள். கிரீன்ஹார்ட் உறுதியான மரந்தான். ஆனால் நீரில் போட்டால் மூழ்கிவிடும் அளவுக்குக் கனமானது. அம்மரத்தாலான நீண்ட கோலை நாள் முழுதும் வீசுபவன் தோள்வலியோடுதான் வீடு திரும்புவான்.

மூங்கிலைப் பிளந்தவர்கள்

இந்நிலையில்தான் சிலருடைய கவனம் மூங்கிலின்மேல் விழுந்தது. நம் வீட்டுக் கலியாணப் பந்தலில் அறுத்துப் போட்ட மூங்கில் துண்டின் முகத்தை உற்றுப் பார்த்தால் ஓர் உண்மை புலப்படும். வெளித்தோலை ஒட்டிய பகுதியில் நார்கள் நெருக்கமாக அடைந்து கிடக்கும். உள்ளே போகப் போக நார் குறைந்து, சோறு போன்ற மென்மையான பகுதி மிகுந்திருக்கும். மூங்கிலின் வலிமையெல்லாம் அந்த வெளி நாரிலேதான் இருக்கிறது. அப்படியானால், மூங்கிலை நீளவாக்கில் பிளந்து, உள்சோற்றைச் சீவி எறிந்துவிட்டு, நார் மிகுந்த வெளிப்பகுதியை மட்டும் ஒன்றோடொன்று ஒட்டினால் மெல்லியதும் வலியதுமான ஒரு கோல் கிடைக்குமல்லவா?

இம்முயற்சி இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியிலிருந்தே நடந்து வந்தது. அமெரிக்காவில் இதற்கு முன்னோடியாகச் சொல்லப்படுபவர் பென்சில்வேனியா மாகாணத்து ஈஸ்டன் நகரைச் சேர்ந்த சாமுவேல் பிலிப்பி. அவருடைய தொழில் துப்பாக்கி செய்வது. பிடில் வாத்தியமும் செய்வார். 1840களில் அவர் பிளந்த மூங்கிலால் கோல் செய்யத் தொடங்கினார். மெல்லிய மரத்தகடுகளை வச்சிரப் பசையால் ஒட்டி நாதம் எழச் செய்யத் தெரிந்த கைக்கு மூங்கிற் கீற்றுகளை ஒட்டுவது இயல்பாகவே வந்திருக்க வேண்டும்.

பிறகு மெயின் மாகாணத்து பாங்கர் நகரில் ஹைரம் லெனர்டு என்பவர் தோன்றினார். அவரும் துப்பாக்கித் தொழில் அறிந்தவரே. 1870களில் ஆறு கீற்று மூங்கிற்கோல்களைச் செய்து, கீற்றுகளைச் சரிவாகச் சீவுவதற்கு ஓர் இயந்திரத்தையும் அமைத்துக்கொண்டார். 1881இல் நியூயார்க் மாகாணத்துக்குத் தொழிலை மாற்றிக்கொண்டார். அவருடைய பட்டறையில் வேலை கற்றுத் தனியே பிரிந்து சென்றவர்களே அமெரிக்காவின் பிற்காலப் பெருந்தச்சர்கள் பலர்.

ஆறு கீற்று என்பதன் நுட்பம் எளிதில் விளங்கக்கூடியது. ஒவ்வொரு கீற்றும் குறுக்கே அறுத்துப் பார்த்தால் சமபக்க முக்கோணம். அதன் கோணம் 60 பாகை. அத்தகைய ஆறு முக்கோணங்களை முனையோடு முனை சேர்த்தால் 360 பாகை நிறைந்து அறுகோணம் உண்டாகும். வெளிநார் ஆறு பக்கத்திலும் புறத்தே நிற்கும். அடுத்தடுத்த கீற்றுகளின் கணுக்கள் ஓரிடத்திலே சேர்ந்தால் அங்கே ஒடியும். எனவே கணுக்களை முன்னும் பின்னுமாகத் தள்ளி வைப்பார்கள். அடியில் சுண்டுவிரல் பருமனாகத் தொடங்கி நுனியில் தீக்குச்சி அளவாக ஒடுங்கும் வரையில், ஒவ்வோர் அங்குலத்திலும் எவ்வளவு ஒடுங்க வேண்டும் என்பதுதான் தொழிலின் இரகசியம். ஓர் அங்குலத்தை ஆயிரம் பங்காக்கி அதில் சில பங்கு கூடினாலும் குறைந்தாலும் கோலின் வளைவு மாறிவிடும். ஆகவே இழைப்புளியால் ஓர் இழை சீவுவதும் அதைச் செய்தவனுடைய எண்ணத்தை அழிப்பதாகும். நண்பர் சொன்னபடி உப்புத்தாள் கொண்டு பட்டைகளைத் தேய்த்திருந்தால், வலிமைக்கெல்லாம் காரணமான வெளிநாரையே நாம் தேய்த்துப் போக்கியிருப்போம்!

பூண்களிலும் இதே போன்ற நுட்பம் உண்டு. இரு துண்டுகளையும் இணைக்கும் பூண் பெரும்பாலும் ஜெர்மன் சில்வர் என்ற உலோகம். பெயரில் வெள்ளி உண்டே தவிர, உள்ளே இருப்பவை செம்பும் துத்தநாகமும் நிக்கலுமே. வளைகின்ற மூங்கில் வளையாத உலோகத்தைச் சந்திக்கும் விளிம்பில்தான் கோல் முறியும். லெனர்டு 1875இல் நீர் புகாத பூணுக்கும், 1878இல் விளிம்பு பிளவுபட்ட பூணுக்கும் காப்புரிமை பெற்றார். விளிம்பைப் பிளந்துவிட்டதால் உலோகமும் சிறிது வளைந்து கொடுக்கும். மூங்கில் திடீரென்று தடைப்படாது.

துறைமுகத்தின் பெயர்

இனி நம் ஊருக்கு நெருங்கிய செய்திக்கு வருகிறோம். இந்த அமெரிக்கத் தச்சர்கள் பிளந்தது எந்த மூங்கில்? அதன் வியாபாரப் பெயர் ‘கல்கத்தா மூங்கில்’!

கல்கத்தா நகரத்தில் அம்மூங்கில் விளையவில்லை. அது இந்தியக் காடுகளில் விளைந்து, கல்கத்தாத் துறைமுகத்தில் கப்பலேறியது. பார்சல் அலுவலகத்தில் இருப்பவர்களுக்கு இது தினசரி அனுபவம். மூட்டையின்மேல் எழுதியிருப்பது புக்கிங் ஆன நிலையத்தின் பெயர். விளைந்த கிராமத்தின் பெயர் அன்று. வாங்குகிறவன் நிலையத்தின் பெயரையே சரக்கின் பெயராக்கிவிடுகிறான். விளைத்தவனுடைய ஊர் எந்தக் கணக்கிலும் ஏறாது.

அது பெரும்பாலும் தமிழில் நாம் கல்மூங்கில் என்று கூறும் வகையே என்று கருதப்படுகிறது. உட்புழை மிகச் சிறுத்து, சில வேளை புழையே இல்லாமல் கெட்டியாக வளரும் மூங்கில் அது. லாட்டிக் கம்புக்கு அதுவே ஏற்றது. குதிரைப்படையினரின் ஈட்டித் தண்டுகளுக்கும் அதையே பயன்படுத்தினார்கள். கல்கத்தாவிலிருந்து போன கழிகளில் ஆங்காங்கே தீயினால் வாட்டிய கரும்புள்ளிகள் இருந்தன. அக்காலத்துத் தூண்டிற்கோல்களில் அந்தத் தழும்புகள் வார்னிஷுக்கு அடியில் இன்றும் தெரிகின்றன. சில பட்டறைக்காரர்கள் அத்தழும்பையே அழகாகக் கருதினார்கள். முகமறியாத நம் நாட்டு உழைப்பாளி ஒருவன் வாட்டிய தீயின் சுவடு, அமெரிக்க ஓடைக்கரையில் பெருமையாகப் பாராட்டப்பட்டது!

1900ஆம் ஆண்டை ஒட்டிக் கல்கத்தா மூங்கிலுக்குப் போட்டியாகச் சீன மூங்கில் வந்தது. அதற்கு ‘டாங்கின்’ என்று பெயர் வைத்தார்கள். டாங்கின் என்பது வியட்நாமின் வடபகுதி. மூங்கில் விளைந்ததோ தென் சீனத்தில், குவாங்டுங் மாகாணத்துக் குன்றுகளில். இங்கும் அதே கதை. பெயர் ஓரிடம், பிறப்பு வேறிடம். காண்டன் நகரத்தில் பேராசிரியராக இருந்த மக்ளூர் என்னும் தாவர நூல் அறிஞர் 1931இல்தான் அதற்கு முறையான பெயர் சூட்டினார். அப்பெயரிலுள்ள ‘அமாபிலிஸ்’ என்ற இலத்தீன் சொல்லுக்கு ‘அன்புக்குரியது’ என்பது பொருள். அதன் கணுக்கள் அவ்வளவு புடைத்திரா, தண்டு நேராக உயரும், வெளிநார் தடித்திருக்கும். இக்குணங்களால் சில ஆண்டுகளில் நல்ல கோல்களிலிருந்து கல்கத்தா மூங்கில் ஒதுங்கிவிட்டது.

நம்மிடம் வந்த கோலில் தீத்தழும்பு இருக்கும் என்று ஆசையோடு தேடினோம். இல்லை. தேன் நிறத்தில், புடைப்பில்லாத கணுக்களோடு, அது சீன மூங்கிலின் இலட்சணங்களையே காட்டியது. ஒரு காலத்தில் மூங்கிலை ஏற்றுமதி செய்த துறைமுகத்துக்கு அருகில், சீன மூங்கிலாலான கோல் நமக்குக் கிடைத்தது. வியாபாரத்தின் சக்கரம் இப்படித்தான் சுழல்கிறது.

லேசான கோல் பிறந்தது

இத்தகைய கோல்கள் இந்தியாவுக்கு வந்தது ஆங்கில அதிகாரிகளோடு. சென்னை சிவில் உத்தியோகத்தில் இருந்த எச். எஸ். தாமஸ் என்பவர், இந்திய நீர்நிலைகளில் தூண்டிலிடுவது பற்றி 1873இல் ஒரு நூல் வெளியிட்டார். தென் கன்னடம் ஜில்லாவில் பணியாற்றியவர் அவர். அந்நாளையத் துரைமார்களின் மோகமெல்லாம் மலையாறுகளில் வாழும் மகாசீர் என்ற பெருமீனின் மேல். அதற்கு வலிய பெருங்கோல் வேண்டும். ஆறரை அடியில் 120 கிராம் எடையுள்ள கோல் அந்த வேலைக்கு உதவாது. அப்படியானால் இவ்வளவு லேசான கோல் ஏன் தோன்றியது?

விடை கோலில் இல்லை, ரீலில் இருக்கிறது. பழைய ரீலில் கயிறு வெளியேற வேண்டுமானால் உருளை முழுவதும் சுழல வேண்டும். எறியப்படும் தூண்டிற்பொருள் கனமாக இருந்தால்தான் அந்த உருளையை இழுத்துச் சுழற்ற முடியும். சில கிராம் எடையுள்ள சிறு தகட்டை எறிந்தால் அது காலடியிலேயே விழும். ஸ்காட்லாந்தின் பெர்த் நகரத்து மல்லாக் என்பவர் 1884இல் உருளையைப் பக்கவாட்டில் திருப்பிவைக்கும் ரீலுக்குக் காப்புரிமை பெற்றார். எறியும்போது உருளை சுழலாது. கயிறு அதன் விளிம்பின் வழியாக வழுக்கி ஓடும். பிறகு 1905இல் பிராட்போர்டு நகரத்து இல்லிங்வொர்த் என்பவர், உருளையைத் திருப்ப வேண்டிய அவசியமே இல்லாமல் நிலையாக நிறுத்தி, கயிறு தானே வந்து அதில் சுற்றிக்கொள்ளும் ரீலைக் கண்டார். அவர் கம்பளித் துணித் தொழிலில் இருந்தவர். நூற்கண்டு சுழலாமலே அதன் முனையிலிருந்து நூல் உருவிக்கொண்டு வருவதை ஆலையில் அன்றாடம் காண்பவருக்கு இது தோன்றியதில் வியப்பென்ன?

இதனால் சில கிராம் எடையை மெல்லிய நூலில் கட்டி வெகுதூரம் எறிவது சாத்தியமாயிற்று. மெல்லிய நூலுக்கு வலிய கோல் பகை. ஒரு வெட்டு வெட்டினால் நூல் அறுந்துவிடும். ஆகவே நூலின் வலிமைக்குத் தக்கபடி கோலும் மெலிந்தது, குறுகிற்று. இன்று ‘அல்ட்ரா லைட்’ என்று கடைகளில் விற்கும் இனத்தின் பாட்டன் இதுவே. அந்நாளில் பட்டுக் கயிற்றையும், பட்டுப்புழுவின் பட்டுச் சுரப்பியிலிருந்து இழுத்தெடுத்த நரம்பையும் பயன்படுத்தினார்கள். 1938இல் நைலான் உலகுக்கு அறிவிக்கப்பட்டது; பிறகு நைலான் நரம்பு வந்து அவ்விரண்டையும் ஓட்டிவிட்டது.

மூங்கில் விடைபெற்றது

இரண்டாம் உலகப் போருக்குப் பின் கண்ணாடி இழையும் பிசினும் சேர்ந்த குழல் கோல்கள் அமெரிக்கக் கடைகளுக்கு வந்தன. கொரியாப் போரின்போது, 1950 டிசம்பரில், அமெரிக்க ஐக்கிய நாடுகள் சீனாவுடன் வாணிகத்தைத் தடை செய்தன. அத்தடை 1971 வரையில் நீடித்தது. மூங்கில் வராமற்போகவே, கையிருப்பு உள்ள சில பட்டறைகளே நிலைத்தன. 1970களில் கார்பன் இழைக் கோல்கள் வந்து கண்ணாடி இழையையும் பின்னுக்குத் தள்ளின. பல வாரம் பிடிக்கும் கைவேலை இயந்திரத்தோடு எப்படிப் போட்டியிடும்? மூங்கிற்கோல்கள் பரண் ஏறின. பரணிலிருந்து இறங்கிய ஒன்றுதான் கோல்பஜாருக்கு வந்து சேர்ந்தது.

நாம் செய்த பிழை

இவ்வளவையும் அறிந்த பிறகே பழுது பார்க்கத் தொடங்கினோம் என்று எழுத ஆசைதான். உண்மை அப்படியன்று. கோல் வீட்டுக்கு வந்த மூன்றாம் நாளே, பொறுமையின்றி, ஸ்பிரிட்டில் நனைத்த துணியாலும் மழுங்கிய பிளேடாலும் பழைய வார்னிஷை எடுக்க உட்கார்ந்துவிட்டோம். பிடிக்கு மேலே நான்கு விரற்கடை தூரத்தில் மங்கலான கரிய கோடு ஒன்று இருந்தது. அழுக்கு என்று எண்ணி அழுத்தித் துடைத்தோம். போய்விட்டது. மூங்கில் பளிச்சென்று வந்ததில் மகிழ்ச்சியும் அடைந்தோம்.

அன்றிரவு நம் மகள், வாங்கிய நாளில் கைப்பேசியில் எடுத்த படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, “அப்பா, இங்கே என்னவோ எழுதியிருக்கிறதே!” என்றாள். நாம் அழுக்கென்று நினைத்தது எழுத்து. செய்தவர்கள் தம் பெயரையும் கோலின் வகையையும் மூங்கிலின்மேல் மையால் எழுதி, அதன்மேல் வார்னிஷ் பூசுவது வழக்கம் என்பது நமக்கு அதன் பிறகுதான் தெரிந்தது. படத்தில் கடைசி இரண்டு எழுத்துகள் மட்டும் ஒருவாறு புலப்பட்டன, மற்றவை படியவில்லை. பூச்சியும் மழையும் இத்தனை ஆண்டுகளில் அழிக்க முடியாததை நாம் கால் மணி நேரத்தில் அழித்துவிட்டோம். மூட்டையின் முகவரியைக் கிழித்துவிட்ட குமாஸ்தாவை அலுவலகத்தில் என்ன செய்வார்கள் என்பது நமக்குத் தெரியும். இங்கே தண்டிப்பார் இல்லை; அதுவே தண்டனையாயிற்று.

அதன் பிறகு ஒரு மாதம் கோலைத் தொடவில்லை. வெயிலில் வைத்தும் விளக்கொளியில் சாய்த்தும் பார்த்துப் படிக்க மட்டும் செய்தோம். அப்படிப் பார்க்கப் பார்க்க, பெயர் போனாலும் வேறு சாட்சிகள் இருப்பது தெரிந்தது. வளையத்தின் காலடியில் ஒளி படாத இடத்தில் நூலின் உண்மை நிறம் பச்சை. ஒவ்வோர் அங்குலத்துக்கும் ஒரு நூற்கட்டு இருந்தது. வெறும் அலங்காரம் என்று நண்பர் சொன்னது தவறு. பழைய கோல்களை ஒட்டியது மிருகத் தோலும் எலும்பும் காய்ச்சிய வச்சிரத்தால். ஈரமும் வெப்பமும் பட்டால் அது இளகும். இளகினாலும் கீற்றுகள் பிரியாதிருக்கவே அத்தனை கட்டுகள். செயற்கைப் பிசின் பசைகள் பரவிய பிறகு அக்கட்டுகள் தேவையற்றுப் போயின. விட்டுப்போன பசையில் ஒரு துளி வெந்நீரை வைத்தோம், இளகிற்று. ஆகவே இக்கோல் பெரும்பாலும் 1940களுக்கு முற்பட்டது என்று முடிவு செய்தோம். வங்காளத்தின் மழைக்காலங்கள் அதன் பசையை என்ன பாடு படுத்தியிருக்கும் என்பதற்கு அந்த முறுக்கொலியே சாட்சி.

எதை மாற்றலாம், எதை மாற்றலாகாது

இச்சாட்சிகளைக் கொண்டு நமக்கு நாமே ஒரு விதி வகுத்துக்கொண்டோம். திரும்ப எடுக்கக்கூடியதை மாற்றலாம்; திரும்ப வைக்க முடியாததைத் தொடலாகாது. நூல், வார்னிஷ், வளையம், தக்கை இவை காலத்துக்குக் காலம் மாறத்தான் வேண்டும். அவை கோலின் உடை. மூங்கிலும் பூணும் கோலின் உடல்.

அடித்துண்டில் பிரிந்த கீற்றுகளை வெந்நீராவியில் காட்டி, பழைய வச்சிரத்தைத் துடைத்துவிட்டு, மெதுவாக இறுகும் எபாக்சிப் பசையை இட்டோம். காயும் வரை நூலை வலஞ்சுழியாக ஒரு முறை, இடஞ்சுழியாக ஒரு முறை சுற்றினோம். ஒரு பக்கமாக மட்டும் சுற்றினால் கோல் முறுக்கிக்கொண்டுவிடும். நுனித்துண்டிலிருந்த வளைவை ஸ்பிரிட் விளக்கின் மேல் தூரப்பிடித்து மெல்ல வாட்டி நிமிர்த்தோம். மூங்கில் சூட்டில் இளகும்; நேராகப் பிடித்தபடியே ஆற விட்டால் அப்படியே நிற்கும். ஆறுவதற்கு முன் கையை எடுத்தால் பழைய வளைவே திரும்பும். இதை மூன்று முறை கற்றுக்கொண்டோம்.

பச்சைப் பட்டு நூலில் முதலில் தனியொரு குச்சியில் கட்டி வார்னிஷ் பூசிப் பார்த்தோம். இளம்பச்சை கரும்பச்சையாகி, நூலின் ஊடே மூங்கில் தெரிந்தது. பழைய கட்டுகளும் அவ்வாறே இருந்தன. வார்னிஷை மெல்லியதாக நான்கு பூச்சுப் பூசினோம். மழைக்காலமாதலால் ஒவ்வொரு பூச்சும் காய மூன்று நாள் பிடித்தது. தூசி படாதிருக்க அதைக் குளியலறையில் தொங்கவிட்டோம். வீட்டாரின் பொறுமைக்கு இங்கே நன்றி கூறிக்கொள்கிறோம்.

இரண்டு மாறுதல்கள் செய்தோம். ஒன்று வளையம். இன்றைய நிலையுருளை ரீலிலிருந்து நைலான் நரம்பு அகன்ற சுருளாகக் கிளம்புகிறது. பழைய முதல் வளையம் சிறியதாகையால் நரம்பு அதில் அடித்துக்கொண்டு வேகம் இழந்தது. எனவே அதை எடுத்துவிட்டுப் பெரிய வளையம் கட்டினோம். பழையதை ஒரு காகித உறையிலிட்டு, எந்த இடத்திலிருந்து எடுத்தது என்று எழுதிக் கோலின் பையிலேயே வைத்தோம். மற்றொன்று ஒடிந்த நுனி. சமன் செய்யும் பொருட்டு அடித்துண்டிலும் மூன்று அங்குலம் வெட்டலாமே என்ற யோசனையை மறுத்தோம். ஒடிந்த இடத்திலேயே, சூடு காட்டினால் கழன்றுவிடும் பசையால், நுனி வளையத்தைப் பொருத்தினோம். மெல்லிய பகுதி குறைந்ததால் கோல் சிறிது விறைப்பாயிற்று. முன்பு எறிந்ததைவிட ஒன்றிரண்டு கிராம் கூடுதலாக எறிய வேண்டும்; அவ்வளவே. பிற்காலத்தில் கைதேர்ந்தவர் யாரேனும் புது நுனி ஒட்ட விரும்பினால் வழி அடைபடவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில், கால்பந்து மைதானத்தில் ஆளரவம் இல்லாத வேளையில், முள் இல்லாமல் 5 கிராம் ஈயக் குண்டு மட்டும் கட்டி எறிந்து பார்த்தோம். கோல் வளைந்து நிமிர்ந்தது. நரம்பு ஓசையின்றி ஓடியது. குண்டு கோல்கம்பத்துக்கு அப்பால் புல்லில் விழுந்தது. நுனியை வெட்டச் சொன்ன நண்பரும், தொடாதே என்ற பெரியவரும் அருகில் நின்றார்கள். இருவரும் ஆளுக்கு ஒரு முறை எறிந்தார்கள். பிறகு இருவரும் ஒன்றும் சொல்லவில்லை.

நம் காலனி வீடுகளின் பரண்களிலும் பெட்டிகளிலும் ஊரிலிருந்து கொண்டுவந்த எத்தனையோ பழம்பொருள்கள் இருக்கின்றன. தாத்தாவின் கைக்கடிகாரம், பாட்டியின் வெற்றிலைச் செல்லம், பெயர் வெட்டிய பித்தளைப் பாத்திரம். தீபாவளிக்குத் தேய்த்துப் பளபளப்பாக்குவதற்கு முன், தயவு செய்து ஒரு முறை வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். அழுக்கு என்று தோன்றுவது எழுத்தாக இருக்கலாம். புழங்குவதற்கு வேண்டிய மாறுதலைச் செய்யுங்கள்; ஆனால் படித்த பிறகு செய்யுங்கள்.

கடைசிப் பூச்சு வார்னிஷுக்கு முன், அழிந்துபோன எழுத்து இருந்த அதே இடத்தில், மெல்லிய பேனாவால் தமிழில் ஒரு வரி எழுதினோம். “செய்தவர் பெயரைத் துடைத்தவர் நாம்; மூங்கில் அவருடையது, நூல் நம்முடையது” என்பது அவ்வரி. அதன் கீழே ஆண்டையும் குறித்திருக்கிறோம். நமக்குப் பின் அதைக் கையில் எடுப்பவர் துடைப்பதற்கு முன் படிப்பார் என்று நம்புகிறோம்.